நாயகப் பயணத்தை நிஜ மனிதர்களுக்குப் பொருத்தலாமா?

கேள்வி இதுதான்: புராணக் கதைகளில் ஜோசஃப் கேம்ப்பெல் என்ற அமெரிக்கப் புராண ஆய்வாளர் கண்டுசொன்ன 'நாயகனின் பயணம்' என்ற சட்டகத்தை நிஜத் தலைவர்கள், விஞ்ஞானிகள், தொழிலதிபர்களின் வாழ்க்கைக்குப் பொருத்த முடியுமா? கல்லூரி மாணவர்களிடம் ஒரு மணிநேரம் பேச வேண்டும், யாரை உதாரணமாக எடுக்கலாம்?

முடியும். யாருக்கு வேண்டுமானாலும் பொருத்தலாம். சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

1936-இல் ராக்லன் பிரபு என்ற ஆங்கிலேயர் புராண நாயகர்களுக்கு 22 அம்சங்கள் கொண்ட பட்டியல் ஒன்று போட்டார். தாய் அரச குலத்துப் பெண், பிறப்பிலேயே ஏதோ அதிசயம், பிறந்ததும் கொல்லப் பார்க்கிறார்கள், எங்கோ தொலைவில் வளர்கிறான், வந்து அரசனாகிறான், பிறகு செல்வாக்கு இழந்து மர்மமாகச் சாகிறான் என்று போகும் அந்தப் பட்டியல். உண்மையில் வாழ்ந்தவர்கள் இதில் சொற்ப மதிப்பெண்தான் வாங்குவார்கள் என்பது அவர் கட்சி. 1960களில் ஃபிரான்சிஸ் லீ அட்லி என்ற அமெரிக்க நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் ஆபிரகாம் லிங்கனின் வாழ்க்கையை எடுத்து, அங்கங்கே லேசாக வளைத்து, 22-க்கு 22 போட்டுக் காட்டினார். அப்படியென்றால் லிங்கன் என்று ஒருவர் இருந்ததே இல்லை போலிருக்கிறது என்பது அதிலுள்ள கிண்டல். 1827-இலேயே பெரெஸ் என்ற பிரெஞ்சுக்காரர் இதே விளையாட்டை ஆடியிருக்கிறார். நெப்போலியன் என்பது சூரியனைப் பற்றிய கட்டுக்கதை, கிழக்குக் கடலில் தோன்றி மேற்குக் கடலில் மறைந்தான், அவனுடைய பன்னிரண்டு தளபதிகள் பன்னிரண்டு ராசிகள் என்று ஒரு சிறு நூலே எழுதினார். நெப்போலியன் செத்து ஆறு வருடம்தான் ஆகியிருந்தது.

ஆகவே 'பொருந்துகிறது' என்பதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. எப்படிப் பொருத்தினோம், பொருத்துவதற்காக எதை வெட்டிப் போட்டோம் என்று பார்த்தால்தான் அந்த மனிதரைப் பற்றி ஏதாவது தெரியவரும். வாழ்க்கை வரலாற்றுக் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்துகிற வேலையில் இருப்பதால் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்று மட்டும் முடிவு செய்கிறார்கள். மிச்சத்தைச் சட்டகம் பார்த்துக்கொள்கிறது.

தெரியாதவர்களுக்காகச் சட்டகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேம்ப்பெல் 1949-இல் வெளியிட்ட புத்தகத்தில் புறப்பாடு, சோதனை, திரும்புதல் என்று மூன்று பகுதிகள், அவற்றுக்குள் 17 கட்டங்கள். சாதாரண உலகத்தில் இருக்கும் ஒருவனுக்கு அழைப்பு வருகிறது. முதலில் மறுக்கிறான். ஒரு வழிகாட்டியோ தெய்வ உதவியோ கிடைக்கிறது. வாசலைத் தாண்டி அந்நிய உலகத்துக்குப் போகிறான். அங்கே சோதனைகள், சாவின் விளிம்பு வரை ஒரு பெரும் கண்டம். அதிலிருந்து ஒரு வரத்தோடு ஊருக்குத் திரும்புகிறான். அந்த வரம் ஊருக்கே நன்மை செய்கிறது. 1977-இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்துக்கு இந்த நூலிலிருந்து எடுத்துக்கொண்டதை ஜார்ஜ் லூகாஸ் வெளிப்படையாகவே சொன்னார். பின்னர் கிறிஸ்டோபர் வோக்லர் இதைத் திரைக்கதைக்காரர்களுக்காகப் 12 கட்டங்களாகச் சுருக்கினார். இன்று தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் திரையில் போட்டுக் காட்டும் வட்டம் பெரும்பாலும் வோக்லருடையது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கேம்ப்பெல் எடுத்துக்கொண்டவை எல்லாம் பலர் வாயில் புழங்கித் தேய்ந்த கதைகள். அவர் பேசும் புத்தர்கூடச் சரிதைக்காரர்கள் நமக்குத் தந்த புத்தர்தான்.

சரி, உங்கள் பேச்சுக்கு ராமானுஜனை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். உலகத்தில் இந்த வட்டத்துக்குள் இத்தனை அழகாக உட்காரும் நிஜ வாழ்க்கை வேறு இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்.

சொல்லிப் பாருங்கள். கும்பகோணத்தில் துணிக்கடைக் கணக்கரின் மகன். பதினைந்து, பதினாறு வயதில் கார் என்பவர் தொகுத்த ஒரு கணித நூல் கைக்கு வருகிறது. அதில் ஐயாயிரம் சொச்சம் சூத்திரங்கள், நிறுவல்கள் பேருக்குத்தான். அது அழைப்பு. அதற்கப்புறம் கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் போகாமல் உதவித்தொகை பறிபோகிறது, எஃப்.ஏ. என்ற கல்லூரி இடைநிலைத் தேர்வில் தோற்கிறார், மறுபடியும் தோற்கிறார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை. 1913 ஜனவரி 16 தேதியிட்டு கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டி என்ற கணிதவியலாளருக்குக் கடிதம். வழிகாட்டி கிடைத்துவிட்டார். 'இங்கே வா' என்கிறார். கடல் தாண்டக் கூடாது என்ற ஆசாரம் தடுக்கிறது, அது மறுப்பு. நாமக்கல் நாமகிரித் தாயார் தாயின் கனவில் வந்து 'உன் மகனைத் தடுக்காதே' என்கிறாள், அது தெய்வ உதவி. 1914 மார்ச் 17 அன்று நெவாஸா கப்பலில் ஏறுகிறார், வாசல் தாண்டியாயிற்று. போய்ச் சேர்ந்த சில மாதங்களில் உலகப் போர், சைவச் சாப்பாட்டுக்குத் திண்டாட்டம், குளிர், 1917 முதல் நோய், லண்டன் சுரங்க ரயில் முன் விழுந்து உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்த்தது வரை. அது பெரும் கண்டம். 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர், அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரி ஃபெல்லோ. அது பரிசு. 1919 மார்ச்சில் பம்பாய் துறைமுகம். 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் போலித் தீட்டா சார்புகள் என்ற புதிய கணிதக் கண்டுபிடிப்பு. அது ஊருக்குக் கொண்டுவந்த அமுதம். ஏப்ரல் 26-இல் மரணம், வயது 32.

நான் இதில் ஒரு தேதியைக்கூடப் பொய்யாகச் சொல்லவில்லை. மாணவர்களிடம் இதை இப்படியே சொன்னால் கைதட்டுவார்கள். கைதட்டல் அடங்கியதும் ஒவ்வொரு கட்டமாகப் பிரித்துக் காட்டுங்கள். பேச்சின் ருசி அங்கேதான் இருக்கிறது.

முதலில் வழிகாட்டி. சட்டகத்துக்கு ஒரே ஒரு பெரியவர் போதும், அதனால் ஹார்டி. ஆனால் 1910-க்கும் 1914-க்கும் நடுவில் ராமானுஜனைத் தாங்கியவர்களை எண்ணிப் பாருங்கள். இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவரும் திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்தவருமான ராமசாமி ஐயர் அவருடைய நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுச் சென்னையில் இருந்த நண்பர்களிடம் அனுப்புகிறார். நெல்லூர் ஆட்சியர் ராமச்சந்திர ராவ் மாதாமாதம் கைக்காசு கொடுத்து வேலை தேடும் கவலை இல்லாமல் வைத்திருக்கிறார். துறைமுகத்தில் தலைமைக் கணக்கர் நாராயண ஐயர், தானும் கணக்குப் படித்தவர், இரவில் பலகையும் கையுமாக இவரோடு உட்கார்ந்து இந்தச் சூத்திரங்களை மற்றவர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதவைக்கப் பாடுபடுகிறார். துறைமுகத் தலைவர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் மேலிடத்தில் பேசுகிறார். வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதுகிறார். பட்டமே இல்லாத ஒருவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை தர அந்தப் பல்கலைக்கழகம் சம்மதிக்கிறது. பிறகு இங்கிலாந்து செலவுக்கு ஆண்டுக்கு 250 பவுண்டும் தருகிறது. இது ஒரு சென்னை அலுவலகக் கதை. கோப்பு நகர்த்தியவர்களும் சிபாரிசுக் கடிதம் எழுதியவர்களும் கூடி ஒரு மேதையைக் காப்பாற்றிய கதை. நாயகப் பயணத்தில் இவர்களுக்கு இடமே கிடையாது. ஒருவரை வழிகாட்டியாக்கினால் மற்றவர்கள் கூட்டத்தில் நிற்பவர்களாகிவிடுகிறார்கள்.

கடிதத்தையும் பாருங்கள். ஹார்டிக்கு எழுதியது முதல் கடிதம் இல்லை. கேம்பிரிட்ஜிலேயே பேக்கர், ஹாப்ஸன் என்ற இருவருக்கு எழுதி ஒன்றும் நடக்கவில்லை. லண்டனில் ஹில் என்ற பேராசிரியருக்குச் சென்னைப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் மூலம் போன தாள்களுக்குப் பதில் வந்தது, ஆனால் அது தூரத்திலிருந்து சொன்ன புத்திமதியோடு நின்றது. ஆக, 'அழைப்பு வந்தது, போனான்' என்பது தலைகீழ். இங்கே அழைத்தவர் ராமானுஜன்தான். கதவு கதவாகத் தட்டியவர் அவர். தன் வயது ஏறக்குறைய 23 என்று அந்தக் கடிதத்தில் எழுதுகிறார். உண்மையில் அப்போது 25 முடிந்துவிட்டது! நினைவுப் பிசகோ, வேண்டுமென்றோ, எதுவானாலும் தன்னை எப்படி முன்வைப்பது என்று யோசிக்கிற ஒருவரின் கடிதம் அது.

மறுப்புக்கு வருவோம். 1914 தொடக்கத்தில் சென்னைக்குச் சொற்பொழிவாற்ற வந்த நெவில் என்ற இளம் கணிதவியலாளரிடம்தான் ஹார்டி அந்தப் பொறுப்பை ஒப்படைத்திருந்தார். எப்படியாவது இவரைச் சம்மதிக்கவைக்க வேண்டும். நெவில் வாதாடத் தயாராகப் போனால், அதற்கு அவசியமே இல்லாமல் ராமானுஜன் ஏற்கெனவே கிளம்பத் தயாராக இருந்தார். இடையில் என்ன நடந்தது என்பதற்குக் கனவு ஒரு விளக்கம், நாமக்கல் கோயிலில் தங்கிவிட்டு வந்தது இன்னொரு விளக்கம். நிஜ வாழ்க்கையில் ஒருவர் மனம் மாறுவதற்குப் பெரும்பாலும் இப்படி நாலைந்து காரணம் சேர்ந்திருக்கும். கதை சொல்பவர்கள் எதை எடுப்பார்கள்? கனவைத்தான். ஹார்டி கடைசிவரை இதற்கு நேர் எதிர்ப்பக்கம் நின்றார். எல்லா மதங்களும் தனக்கு ஏறக்குறைய ஒரேபோல உண்மையாகத் தோன்றுவதாக ராமானுஜன் தன்னிடம் சொன்னதை எழுதி, அவரைக் கீழைநாட்டு மர்ம மனிதராகக் காட்டாதீர்கள் என்றார். ஹார்டி கடவுள் நம்பிக்கை அற்றவர், அதனால் அவர் பார்வையிலும் ஒரு சாய்வு இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்தச் சாய்வு எந்தப் பக்கம் என்று நமக்குத் தெரியும். கனவுக் கதை சொல்கிறவரின் சாய்வு அவ்வளவு எளிதில் கண்ணில் படுவதில்லை.

பெரும் கண்டம் எது என்ற கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. சட்டகப்படி அது இங்கிலாந்தில் நடக்க வேண்டும், சாவுக்குப் பக்கத்தில் நடக்க வேண்டும். ஹார்டியோ, ராமானுஜன் சிறுவயதில் இறந்ததுகூடப் பெரிய சோகம் இல்லை, இந்தியாவில் 18 வயது முதல் 25 வயதுக்குள் வீணாய்ப் போன அந்த ஐந்து வருடங்கள்தான் உண்மையான சோகம் என்றார். வழிகாட்ட ஆளில்லாமல், ஐரோப்பாவில் எப்போதோ கண்டுபிடித்தவற்றைத் தனியாக மறுபடி கண்டுபிடித்துக்கொண்டிருந்த வருடங்கள். அதாவது கேம்ப்பெல் 'சாதாரண உலகம்' என்று இரண்டு வரியில் தள்ளிவிடுகிற பகுதியில்தான் பெரிய இழப்பு நடந்திருக்கிறது. இதை ஏற்றுக்கொண்டால் கதையின் குற்றவாளி மாறிவிடுகிறது. லண்டன் குளிர் பின்னால் போய், ஆங்கிலத்தில் தேறாதவனுக்குக் கணக்கிலும் இடமில்லை என்ற தேர்வு முறை முன்னால் வந்து நிற்கிறது. வகுப்பறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது வேறு மாதிரி உறைக்கும்.

கடைசியாகத் திரும்புதல். பம்பாயில் கப்பலிலிருந்து இறங்கியபோது தாயும் தம்பியும் வந்திருந்தார்கள், மனைவி ஜானகி வரவில்லை. இருவருக்கும் இடையே கடிதப் போக்குவரத்து நின்றுபோயிருந்தது, மாமியார் குறுக்கே நின்று கடிதங்களைத் தடுத்தார் என்பது ஜானகி தரப்பு. ஜானகி பிறகு வந்து சேர்ந்து கடைசி ஒரு வருடம் பணிவிடை செய்தார். நோயின் நடுவிலும் ராமானுஜன் கணக்குப் போட்டபடியே இருந்தார் என்பதைச் சொன்னவரும் ஜானகிதான். சரி, அந்தத் தாள்கள் என்ன ஆயின? 1923-இல் சென்னைப் பல்கலைக்கழகம் ஒரு கட்டைக் கடல் தாண்டி ஹார்டிக்கு அனுப்பிவைத்தது. அது வாட்ஸன் என்ற கணிதவியலாளர் வீட்டில் கிடந்து, அவர் இறந்தபின் டிரினிட்டி கல்லூரி நூலகத்துக்குப் போய், 1976-இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கர் அங்கே ஒரு பெட்டியில் பார்க்கும்வரை கிடந்தது. நாயகன் திரும்பிவிட்டான், வரம் மட்டும் மறுபடி கப்பலேறிப் போய்விட்டது! ஜானகி சென்னையில் திருவல்லிக்கேணிப் பக்கம் தையல் வேலை செய்து வாழ்ந்து, ஒரு பையனை எடுத்து வளர்த்து, 1994-இல் காலமானார். கணவருக்குப் பின் 74 வருடங்கள். வட்டத்தில் இந்த 74 வருடத்துக்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது.

இன்னொரு விஷயம். ராமானுஜனோடு ஏற்பட்ட உறவுதான் தன் வாழ்க்கையின் ஒரே கற்பனைநயம் மிக்க நிகழ்ச்சி என்று ஹார்டி சொன்னது பிரபலம். நமக்குத் தெரிந்த ராமானுஜன் கதையின் பெரும்பகுதி ஹார்டியின் வாய்மொழி. ராமானுஜனைப் பார்க்க வந்த வாடகை வண்டியின் எண் 1729-ஐப் பற்றி அவர் சொன்னதை எல்லாம் மறந்துவிட்டு, ஹார்டியை நாயகனாக வைத்து ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். காலைத் தபாலில் வந்த கடிதம் அவருக்கு அழைப்பு. யாரோ ஏமாற்றுக்காரன் என்று முதலில் சந்தேகப்பட்டது மறுப்பு. அதுவும் கச்சிதமாகப் பொருந்தும்.

அழைப்பு என்ற கட்டத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் பார்க்கலாம், ஏனென்றால் தலைவர்கள் கதையில் அதிகம் தச்சுவேலை நடப்பது அங்கேதான். காந்தி என்றதும் 1893 ஜூன் 7 இரவு, பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையம். முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து தள்ளப்பட்டார், ஒரு போராளி பிறந்தார். காந்தியே இதை எழுதியிருக்கிறார், நடந்தது உண்மை. ஆனால் எழுதியது முப்பது வருடங்களுக்கு அப்புறம். இடையில் என்ன நடந்தது? தாதா அப்துல்லா என்ற வியாபாரியின் வழக்குக்காக வந்தவர், வழக்கு முடிந்ததும் 1894-இல் ஊருக்குக் கிளம்பத் தயாரானார். விடைகொடுக்கும் விருந்தில்தான், இந்தியர்களின் ஓட்டுரிமையைப் பறிக்கும் மசோதா பற்றிய பேச்சு வருகிறது. வியாபாரிகள் 'ஒரு மாதம் இருந்து உதவுங்கள்' என்கிறார்கள். அப்புறம் நீடித்துத் தங்குவதற்கு, பொதுவேலைக்குக் காசு வாங்க மாட்டேன், ஆனால் குடித்தனம் நடத்த வருடம் 300 பவுண்டாவது வேண்டும், உங்கள் வக்கீல் வேலைகளைத் தாருங்கள் என்று காந்தி கணக்குப் பேசுகிறார். இருபது வியாபாரிகள் அளவில் சேர்ந்து வருட ஒப்பந்தம் தருகிறார்கள். இதுவும் அவர் சுயசரிதையிலேயே இருக்கிறது. அதே வருடம் பாலசுந்தரம் என்ற தமிழ் ஒப்பந்தக் கூலித் தொழிலாளி, முதலாளி அடித்ததில் பல் உடைந்து, ரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் அலுவலகத்துக்கு வந்து நின்றார். வியாபாரிகளின் வக்கீலாக இருந்தவரைக் கூலித் தொழிலாளர்களிடம் கொண்டுசேர்த்தது அந்த வழக்கு. அழைப்பு எது? ரயிலா, விருந்தா, பாலசுந்தரமா? படத்துக்கு ரயில்தான் வசதி. ரயிலை எடுத்தால் காந்தி தனிமனிதர், அவமானப்பட்டார், எழுந்தார். விருந்தை எடுத்தால் ஒரு சமூகம் தனக்கு வேண்டிய வக்கீலைத் தேடிப் பிடித்து நிறுத்திவைத்தது. பாலசுந்தரத்தை எடுத்தால், வாசலைத் தாண்டி வந்தவர் காந்தியே இல்லை.

முடிவை எங்கே வைக்கிறோம் என்பதற்கு ஸ்டீவ் ஜாப்ஸ் போதும், சுருக்கமாக முடிக்கிறேன். 1985-இல் ஆப்பிளை விட்டு வெளியேற்றம், 1997-இல் வெற்றிகரமாகத் திரும்புதல், பாடப்புத்தக உதாரணம். ஆனால் 1993-இல் அவருடைய நெக்ஸ்ட் நிறுவனம் கணினி தயாரிப்பதையே நிறுத்திப் பெருவாரியானவர்களை வேலையை விட்டு அனுப்பியது. அந்த வருடம் ஒருவர் அவர் வாழ்க்கையை எழுதியிருந்தால் ஆணவத்தால் விழுந்தவன் கதையாக வந்திருக்கும். 2005-இல் ஸ்டான்ஃபோர்டு பட்டமளிப்பு விழாவில், ஆப்பிள் தன்னை வெளியேற்றியதே தனக்கு நடந்த மிக நல்ல விஷயம் என்று அவர் சொன்னார். ஜெயித்த பிறகு சொல்லக்கூடிய வாக்கியம் அது. வெளியேற்றப்பட்டுத் திரும்பி வராதவர்கள் எத்தனையோ பேர், அவர்களை யாரும் பட்டமளிப்பு விழாவுக்குக் கூப்பிடுவதில்லை.

நம் ஊரில் மக்கள் நாயகர்களைப் பாடிய விதம் வேறு, இதையும் மாணவர்களிடம் சொல்லலாம். கயத்தாற்றில் 1799 அக்டோபர் 16-இல் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மன், மதுரையில் 1764-இல் தூக்கிலிடப்பட்ட கான்சாகிபு ஆகிய இருவரும் சரித்திர மனிதர்கள், இருவர் மேலும் கதைப்பாடல்கள் உண்டு. நா. வானமாமலை அவற்றைப் பதிப்பித்திருக்கிறார். மதுரை வீரன், காத்தவராயன், முத்துப்பட்டன் கதைகளோடு இவற்றைச் சேர்த்து வாசித்தால் ஒன்று தெரியும்: நாயகன் திரும்பி வருவதில்லை. அநியாயமாகச் சாகிறான், கதை அந்தச் சாவை நோக்கித்தான் போகிறது. அப்படிச் செத்தவர்களில் சிலர் சாமியாகி ஊர் எல்லையில் நிற்கிறார்கள், படையல் கேட்கிறார்கள். வரத்தோடு வந்து ஊரை வாழவைக்கிற கேம்ப்பெல் நாயகனுக்கும், தனக்குச் செய்த அநியாயத்துக்கு ஊரிடம் கணக்குக் கேட்கிற இவர்களுக்கும் நிறைய தூரம். இன்னொரு பக்கம், நிஜ மனிதர்மேல் அச்சு வைத்துப் பாடுவது நமக்குப் புதிதும் இல்லை. பிள்ளைத்தமிழுக்குக் காப்பு முதல் பத்துப் பருவம், ஆள் யாராக இருந்தாலும் சரி. ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கனுக்குப் பாடினார், பின்னாளில் அரசியல் தலைவர்களுக்கும் பாடினார்கள். ஆனால் பாடியவருக்கும் கேட்டவருக்கும் அது அச்சு என்று தெரியும். தலைவர் நிஜமாகவே நிலாவைக் கூப்பிட்டு விளையாடினார் என்று யாரும் நம்பவில்லை.

சட்டகம் கண்முன்னே வேலை செய்ததற்கு எம்.ஜி.ஆரை விடச் சிறந்த உதாரணம் இல்லை. 1967 ஜனவரி 12-இல் எம்.ஆர். ராதா சுட்டார், குண்டு கழுத்தில். தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. கழுத்தில் கட்டோடு மருத்துவமனையில் இருக்கும் அவர் படம் சுவரொட்டியாகத் தமிழ்நாடெங்கும் ஒட்டப்பட்டது. பரங்கிமலையில் படுக்கையிலிருந்தபடியே ஜெயித்தார், தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது. காங்கிரஸ் மேல் இருந்த கோபமும் அரிசித் தட்டுப்பாடும் இந்தி எதிர்ப்பும்தான் அந்தத் தேர்தலின் அடிப்படை. ஆனால் அந்தப் படத்துக்கு விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை, ஏனென்றால் கடைசிக் காட்சிக்கு முன்னால் அடிபட்டு எழுகிற எம்.ஜி.ஆரை ரசிகர்கள் இருபது வருடமாகத் திரையில் பார்த்துப் பழகியிருந்தார்கள். 1984-இல் நியூயார்க் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தபடி ஆண்டிபட்டியில் ஜெயித்து, 1985 பிப்ரவரியில் திரும்பி வந்ததும் அதே தடத்தில்தான் பார்க்கப்பட்டது. இங்கே சட்டகத்தைப் பொருத்தியவர் ஆய்வாளர் இல்லை. கட்சி பொருத்தியது, மக்கள் பொருத்தினார்கள், அவரும் அதை நன்றாக அறிந்திருந்தார். ஆகவே பொது வாழ்வில் இருப்பவரைப் பற்றிப் பேசும்போது 'இவர் வாழ்க்கை நாயகப் பயணம் போல இருக்கிறதே' என்று வியப்பதற்கு முன், அது அப்படித் தெரிய வேண்டும் என்று யார் பாடுபட்டார்கள் என்று கேட்பது நல்லது.

உயிரோடு இருப்பவர்கள் விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராகவே சொல்வேன்: எடுக்காதீர்கள். எலிசபெத் ஹோம்ஸ் 19 வயதில் ஸ்டான்ஃபோர்டு படிப்பை விட்டுவிட்டு 2003-இல் தெரனோஸ் என்ற ரத்தப் பரிசோதனை நிறுவனத்தைத் தொடங்கினார். விரல் நுனியிலிருந்து சில துளி ரத்தம், நூற்றுக்கணக்கான பரிசோதனைகள். ஜாப்ஸ் போலக் கறுப்புக் கழுத்துமூடிச் சட்டை. பத்திரிகைகளுக்கு வட்டம் ரெடியாக இருந்தது, பேரைப் போட வேண்டியதுதான் பாக்கி. 2015 அக்டோபரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் ஜான் கேரிரூ அந்த இயந்திரம் சொன்னபடி வேலை செய்யவில்லை என்று எழுதியபோது, அவர் தொலைக்காட்சியில் தந்த பதிலைக் கவனியுங்கள்: முதலில் நம்மைப் பைத்தியம் என்பார்கள், பிறகு எதிர்த்துச் சண்டை போடுவார்கள், அப்புறம் திடீரென்று நாம் உலகத்தை மாற்றிவிடுவோம். சட்டகத்தின் விஷமே இதில் இருக்கிறது. கேள்வி கேட்கிறவர் யாராக இருந்தாலும் அது அவரை வாசலில் நிற்கும் பூதமாக்கிவிடுகிறது. எதிர்ப்பு அதிகமானால் நாயகன் சரியான வழியில் போகிறான் என்றே அர்த்தமாகிறது. 2022 ஜனவரியில் முதலீட்டாளர்களை ஏமாற்றிய குற்றங்களில் தீர்ப்பு வந்தது, தண்டனை பதினொன்றே கால் வருடம். கதை முடிவதற்கு முன்னால் ஒருவரை நாயகன் என்று அறிவித்தால், அதன்பின் வருகிற ஒவ்வொரு ஆதாரமும் சோதனைக் கட்டமாகத்தான் கண்ணுக்குத் தெரியும். நம் ஊர் அரசியலுக்கு உதாரணம் நீங்களே தேடிக்கொள்ளலாம்.

அப்படியென்றால் இதனால் பயனே இல்லையா என்றால், இருக்கிறது. கேள்வி கேட்க வைக்கும் கருவியாக இது நன்றாகவே உதவும். இந்தத் தேதியை அழைப்பாக முதலில் சொன்னவர் யார், எப்போது சொன்னார்? வழிகாட்டி என்று ஒருவரைச் சொல்லும்போது யார் யார் பேர் விட்டுப்போகிறது? வரம் யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது? வீட்டில் இருந்தவர்கள் அந்த வருடங்களில் எப்படிச் சாப்பிட்டார்கள்? சட்டகம் இல்லாமல் படித்தால் இந்தக் கேள்விகள் எழாமலே போகக்கூடும். கட்டங்கள் காலியாகக் கிடக்கும்போதும், ஒரு கட்டத்துக்கு மூன்று பேர் போட்டி போடும்போதும்தான் விஷயம் சூடு பிடிக்கிறது.

கட்டங்கள் காலியாகவே கிடக்கும் ஒருவரைப் பேச்சின் இரண்டாம் பாதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான் முத்துலட்சுமி ரெட்டியைச் சொல்வேன். 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர், ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் சேர்ந்தவர், 1912-இல் மருத்துவப் பட்டம். இதுவரைக்கும் வட்டம் கூடவே வரும், நீங்களும் உற்சாகமாக வரைந்துகொண்டே போவீர்கள். அதன் பிறகு வட்டம் நின்றுவிடும். தேவதாசி முறைக்கு எதிராகச் சென்னைச் சட்டமன்றத்தில் அவர் தீர்மானம் கொண்டுவந்தது 1927-இல், முழுத் தடைச் சட்டம் வந்தது 1947-இல். தங்கை புற்றுநோயால் இறந்தது 1923-இல், அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு நேரு அடிக்கல் நாட்டியது 1952-இல், நோயாளிகள் வரத் தொடங்கியது 1954-இல். இடையில் எல்லாம் மனுக்கள், குழுக் கூட்டங்கள், நிதி வசூல், மறுப்புக் கடிதங்கள், திரும்பவும் மனுக்கள். எந்த ஒரு நாளையும் பெரும் கண்டம் என்று குறிக்க முடியாது. அவர் எந்த அந்நிய உலகத்துக்கும் போய்த் திரும்பவில்லை, இருந்த இடத்திலேயே முப்பது வருடம் நின்றார்.

ஒரு மணிநேரம் என்றால் முதல் இருபது நிமிடம் ராமானுஜன் வட்டத்தை மாணவர்களையே நிரப்பச் சொல்லுங்கள், தேதிகளை மட்டும் நீங்கள் கொடுங்கள். அடுத்த இருபது நிமிடம் அதைப் பிரித்துப் போடுங்கள், நாராயண ஐயரிலிருந்து தொடங்கினால் சுலபம். கடைசி இருபது நிமிடத்துக்கு முத்துலட்சுமி ரெட்டியின் தேதிகளைக் கொடுத்து, வட்டம் வரையாமல் வேறு என்ன வடிவத்தில் இதைச் சொல்லலாம் என்று கேளுங்கள். என்னிடம் தயாரான பதில் இல்லை, அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதினால் படிக்க ஆசையாக இருக்கும்.